பிள்ளை பிறந்து ஏழு மாதம், வயிறு ஏன் இன்னும் உள்ளே போகவில்லை?

கேள்வி:

வணக்கம் அக்கா. புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறேன். வயது 27. சிசேரியனில் முதற்பிள்ளை பிறந்து ஏழு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். பிள்ளை தங்குவதற்கு முன் 52 கிலோ, இப்போது 58. உயரம் 5 அடி 2 அங்குலம். கை கால் எல்லாம் பழையபடிதான், வயிறு மட்டும் வண்டி வைத்தமாதிரி நிற்கிறது. போன கிழமை கோயிலில் ஒரு பெரியம்மா, "அடுத்ததும் வந்திட்டுதோ பிள்ளை?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டா. "முப்பத்தொண்டு நாளுக்குள்ள வயித்தை ஒழுங்காக் கட்டியிருந்தா இப்பிடி வந்திராது" என்கிறா மாமி. ஃபோனைத் திறந்தால் பிள்ளை பெற்று மூன்று மாதத்தில் ஒட்டிய வயிற்றோடு நடிகைமாரின் படங்கள். ஒரு வீடியோவைப் பார்த்து இரண்டு கிழமையாக நாளுக்கு 100 தரம் படுத்து எழும்புகிறேன், இரவில் சோறும் சாப்பிடுவதில்லை. எழும்பும்போது நடுவயிற்றில் வயல் வரம்பு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு வருகிறது. தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது. ஒன்லைனில் 4,500 ரூபாய்க்கு ஒரு பெல்ட் இருக்கிறது, வாங்கலாமா? மூன்று மாதத்தில் மச்சாளின் கலியாணம். அதற்குள் வயிறு வற்றுமா?

இயன்மருத்துவரின் பதில்:

தங்கச்சி, படுத்து எழும்புவதை இன்றோடு நிறுத்துங்கள். பெல்ட் வாங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகு மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரம்புதான். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இரண்டு நீளத் தசைகள் அருகருகே இறங்குகின்றன. நடுவில் அவற்றை இணைத்து வைத்திருப்பது ஒரு நார்ப்பட்டை. கருப்பை வளர வளர அந்தப் பட்டை அகன்று மெலிந்து, தசைகள் இரண்டும் பக்கவாட்டில் விலகிக்கொடுக்கும். பேறுகாலம் நெருங்கும்போது ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கும். பிள்ளைக்கு இடம் வேண்டுமே! பிறந்த பிறகு பலருக்குத் தானாகவே கிட்ட வந்துவிடும், சிலருக்குச் சுணங்கும். நோர்வேயில் முதற்பிள்ளை பெற்ற தாய்மாரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் 45 வீதமானோருக்கும் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 33 வீதமானோருக்கும் இந்த விலகல் இருந்தது. ஆகவே ஏழாம் மாதத்தில் உங்களுக்கு இருப்பது அபூர்வமான விஷயம் இல்லை. நீங்கள் சோம்பல்பட்டதால் வந்ததும் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துப் பாதங்களை நிலத்தில் ஊன்றுங்கள். ஒரு கையின் விரல்களைச் சேர்த்து, நுனி கால்பக்கம் பார்க்கும்படி தொப்புளில் வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்குங்கள். விரல்களுக்கு இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு இறுகுவது தெரியும். இடையில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுங்கள். தொப்புளுக்கு மேலே நாலரை சென்ரிமீற்றரிலும் கீழே அதே அளவிலும் திரும்பப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்குள் என்றால் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. அகலத்தைவிட ஆழத்தைக் கவனிப்பது இன்னும் முக்கியம். தலை தூக்கும்போது விரலின் கீழ் பட்டை விறைத்துத் தடுக்கிறதா, விரல் மெத்தென்று உள்ளே இறங்கிவிடுகிறதா? மூன்று விரல் அகலமிருந்தும் பட்டை விறைப்பாக நிற்கிற பெண் பாரம் தூக்குவாள். இரண்டு விரலே இருந்து பட்டை தொய்ந்திருப்பவளுக்குத்தான் வயிறு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

படுத்து எழும்பும் பயிற்சியை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்றால், எழும்பும் அந்தக் கணத்தில் வயிற்றுக்குள்ளே அழுத்தம் ஏறுகிறது. உள்தசைகள் தாங்கினால் அது அடங்கும். தாங்காவிட்டால் பலவீனமான இடங்களைப் பார்த்து வெளியேறும். மேலே வந்தது வரம்பு, கீழே வந்தது சிறுநீர். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தப் பயிற்சி என்றைக்குமே கூடாது என்று சொல்லமாட்டேன். உள்தசை பலப்பட்டு, வரம்பு எழும்பாத நிலை வந்த பிறகு தாராளமாகச் செய்யலாம். இப்போது செய்தால் பிழையான தசை பழகும், சொட்டும் கூடும்.

முதல் மூன்று கிழமைக்குச் செய்ய வேண்டியது மூச்சும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித்தசையும் மட்டும். மல்லாந்து முழங்கால் மடித்துப் படுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலாவும் வயிறும் இளகி அகல விடுங்கள். வாயால் மெல்ல விடும்போது, சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவது போல அடியை மேல்நோக்கி இழுத்து, பிறகு தொப்புளுக்குக் கீழே உள்ள வயிற்றை லேசாக உள்ளே சேருங்கள். அப்படியே 5 செக்கன் பிடித்து, முழுதாகத் தளர விடுங்கள். பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. பிடிக்கும் நேரத்தைக் கிழமைக்குக் கிழமை கூட்டி 10 செக்கனுக்குக் கொண்டுவரலாம். முடிவில் பத்துத் தரம் கெதியாக இழுத்து விடுங்கள், தும்மலுக்கு உதவுவது அதுதான். பால் கொடுக்க இருக்கும்போது செய்தால் நேரம் தேட வேண்டியதில்லை.

இதில் நான்கு பிழைகள் வழமையாக வரும். மூச்சை அடக்குவது, பிட்டத்தை இறுக்குவது, மேல்வயிற்றை உறிஞ்சி நெஞ்சைத் தூக்குவது, அடியை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குவது. கடைசிப் பிழைதான் மோசமானது, சொட்டைக் கூட்டிவிடும். ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். கை வெளியே தள்ளப்பட்டால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகும் வழக்கமும் வேண்டாம்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு அதே மூச்சோடு ஒரு குதியை நிலத்தோடு வழுக்கி நீட்டி மடக்குவது, பக்கத்துக்குப் பத்து. பிட்டத்தை மெல்லத் தூக்கி இறக்குவது, பத்துப் பத்தாக இரண்டு தரம். ஆறாம் கிழமையில் சுவரில் கையூன்றித் தள்ளுவது, கதிரையிலிருந்து கை பிடிக்காமல் எழுந்து இருப்பது, நாலுகாலில் நின்று ஒரு கையையும் அதற்கு எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. அடுத்த படிக்குப் போகலாமா என்பதை உடம்பிடம் கேளுங்கள். செய்யும்போது வரம்பு எழும்பக்கூடாது, சொட்டக்கூடாது, அன்று பின்னேரம் அடியில் பாரமாக இழுக்கக்கூடாது. இதில் ஒன்று வந்தாலும் முந்தின படியில் இன்னும் ஒரு கிழமை நில்லுங்கள். பன்னிரண்டு கிழமைதான் ஒரு சுற்று. மச்சாளின் கலியாணம் சரியாக அந்தக் கணக்கில் வருகிறது.

பயிற்சிக்கு நீங்கள் செலவழிப்பது நாளில் அரை மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்கக் கிணற்றடியும் அடுப்படியும் பிள்ளையும்தான், அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதிலேயே பாதி இருக்கிறது. கப்பியில் தண்ணீர் இழுக்கிறவர் என்றால், பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. இப்போதைக்குப் பாதி வாளி இழுங்கள். ஒரு காலை முன்னே வைத்து, கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சை வெளியே விடுங்கள். பவுசர் வரும் இடத்திலிருந்து இருபது லீற்றர் கானை ஒரு கையில் தூக்கி வருவது வேண்டாம். இரண்டு சிறிய கான்களாகப் பிரித்து இரு கையிலும் சமமாகப் பிடியுங்கள், அல்லது சைக்கிளில் கட்டிக்கொண்டு வாருங்கள், அல்லது கணவர் கொண்டுவரட்டும். பாயிலிருந்து நேராக எழும்பாமல் ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்புங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்து வயிற்றை முன்தள்ளி நிற்பது எல்லாத் தாய்மாருக்கும் பழக்கம். அடிக்கடி பக்கத்தை மாற்றுங்கள், விலாவை இடுப்புக்கு நேர்மேலே கொண்டுவாருங்கள். நிற்கும் விதத்தைத் திருத்தியதுமே வயிறு கொஞ்சம் உள்ளே போவதைக் கண்ணாடியில் பார்ப்பீர்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் தீருங்கள். தினமும் முக்குவது பயிற்சியின் பலன் முழுவதையும் அழித்துவிடும்.

மாமி சொன்ன வயிறு கட்டுதலைப் பற்றி: முதல் சில கிழமைக்கு அகலத் துணியால் மிதமாகக் கட்டுவது நல்லதுதான். சிசேரியன் செய்தவருக்கு எழும்பி நடக்கும்போது வலி குறையும், இருமும்போது தாங்கும். கீழிருந்து மேலாகச் சுற்றி, துணிக்குள் இரண்டு விரல் போகுமளவுக்கு விட வேண்டும். ஆனால் கருப்பை தானாகவே சுருங்குகிறது. பிள்ளை பிறந்ததும் ஒரு கிலோ அளவில் இருப்பது ஆறு கிழமையில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும், கட்டினாலும் கட்டாவிட்டாலும். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கனவே நொந்துபோன இடுப்படித்தசையைத் தள்ளும். நீங்கள் கட்டாததால் இது வந்தது என்பது சரியில்லை, மாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவ காய்ச்சித் தந்த சரக்குத்தண்ணியும் மீன் சரக்குக்கறியும் உங்களுக்கு நல்ல உணவாக இருந்திருக்கும், அந்தக் கவனிப்புக்கு நன்றியும் சொல்லுங்கள். 4,500 ரூபாய் பெல்ட் ஏழாம் மாதத்தில் செய்யும் வேலை வியர்க்க வைப்பது மட்டும்தான். வியர்வையாகப் போகும் நிறை, கழற்றித் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

இனி அந்தப் படங்கள். சினிமாவில் பிள்ளைத்தாச்சியின் வயிறு சேலைக்குள் கட்டிய செயற்கை வயிறு. அடுத்த காட்சியில் தொட்டிலோடு ஒட்டிய வயிற்றில் நிற்பவர், அந்தக் கதைக்காகப் பிள்ளை சுமக்காத ஒருவர். நூற்றுக்கணக்கில் அப்படிப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பிள்ளை பெற்ற உண்மையான வயிறு பிழையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஃபோனில் வரும் படங்களில் நிற்பவர்கள் உண்மையில் பெற்றவர்கள்தான். ஆனால் படத்தைக் கூர்ந்து பாருங்கள். உடம்பு முக்கால்வாசி திரும்பியிருக்கும், ஒரு முழங்கால் முன்னே மடிந்திருக்கும், கை இடுப்பிலிருந்து விலகியிருக்கும், தொப்புளுக்கு மேல் ஏறிய இறுக்க உடை உள்ளே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில், பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில், எடுத்த பல படங்களில் தெரிந்தெடுத்த ஒன்று அது. இடுப்பை விரலால் இழுத்து ஒடுக்கும் வசதி இப்போது எந்த ஃபோனிலும் உண்டு. பின்னணியில் ஏதாவது நேர்கோடு, கதவு நிலையோ ஓடு பதித்த சுவரோ, இடுப்புக்குப் பக்கத்தில் வளைந்திருந்தால் படத்தில் கை வைத்திருக்கிறார்கள். இது எதுவுமில்லாமலே விரைவில் வற்றும் உடம்பும் சிலருக்கு உண்டு. வயது, பரம்பரை, முதற்பிள்ளையா மூன்றாவதா, தனிப் பயிற்சியாளரும் சமையலாளும் இருக்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்தது அது.

படம் போடாதவர்களின் கதையும் உண்டு. தமிழ்ப் படங்களில் கதாநாயகியாக நடித்த சமீரா ரெட்டி, 2015இல் முதற்பிள்ளை பிறந்த பிறகு தன் நிறை நூறு கிலோவைத் தாண்டியதையும், மனச்சோர்வில் விழுந்ததையும், ஆட்களைக் கண்டு ஒளித்ததையும் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். காஜல் அகர்வால் 2022இல் கர்ப்பமாயிருந்தபோது அவரது உடம்பைப் பற்றி வந்த கேலிகளுக்குப் பதில் எழுத வேண்டி வந்தது. அழகென்று கொண்டாடப்பட்டவர்களுக்கே இந்தக் கேள்விகள் வருகின்றன. பத்மினியும் சாவித்திரியும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எங்கள் பாட்டிமார் பார்த்து ஆசைப்பட்டது நிறைந்த உடம்பை. பிள்ளை பெற்ற வயிற்றின் உடற்கூறு அன்றிலிருந்து மாறவேயில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படங்கள் போடும் பக்கங்களை மூன்று மாதத்துக்குப் பின்தொடராமல் விடுங்கள், பயிற்சி மருந்தென்றால் இது பத்தியம்.

சோற்றுக்கு வருவோம். முழுப்பாலும் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். இப்போது பிள்ளை சாப்பாடும் சேர்த்து எடுக்கும், அதனால் கொஞ்சம் குறையலாம், ஆனால் இரவு முழுவதும் பட்டினி கிடக்கும் அளவுக்குக் குறையாது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், நாம் கட்டியெழுப்பப் பார்ப்பதே தசையைத்தான். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை, பயறு, கௌபி, கடலை போன்றவை, கால்வாசி சோறு. முல்லைத்தீவுக் கடல் மீனும் குளத்து மீனும் கிடைக்கிற ஊர், வேலியில் முருங்கை நிற்கிற ஊர். பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. தேத்தண்ணிச் சீனியையும் பிஸ்கட்டையும் குறைத்தால் அதுவே ஒரு பங்கு. கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம். கலியாணத்துக்குள் மூன்று கிலோ இறங்கினால் நல்ல முன்னேற்றம் என்று எடுங்கள். உங்கள் ஆறு கிலோ ஏற்றம் பயப்படும் அளவில்லை. தராசைவிட நாடா உதவும்: மாதம் ஒருமுறை, மூச்சை விட்டபடி, தொப்புள் மட்டத்தில். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நீரிழிவு, இருதய நோய்களைத் தள்ளிவைக்க உதவும், அழகைவிட அந்தக் காரணத்துக்காக அளக்கலாம். மெலிவதற்கென்று விற்கும் தேயிலை, குளிசைகளைத் தொடவே வேண்டாம். பல தேயிலைகளில் இருப்பது பேதி மருந்து. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் மீளப்பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்ற குளிசைகளுக்குள் பல தடவை பிடிபட்டிருக்கிறது.

சிசேரியன் வடுவுக்கு மேலே ஒரு மடிப்புத் தொங்குகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் இருக்கும். மேல்தோல் உள்ளே ஒட்டிப்பிடிப்பதாலும் அது வருகிறது. வடு நன்றாகக் காய்ந்திருப்பதால் நீங்கள் தேய்க்கத் தொடங்கலாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இரண்டு விரல், நாளுக்கு ஐந்து நிமிடம். முதலில் வடுவைச் சுற்றி, பிறகு வடுவின் மேலேயே வைத்து, தோலோடு சேர்த்து மேல் கீழாகவும் பக்கவாட்டாகவும் நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கினால் பயனில்லை, தோல் விரலோடு வர வேண்டும். அந்த இடம் விறைத்து உணர்ச்சியில்லாமல் இருப்பது பல மாதம் நீடிக்கலாம், பயப்பட வேண்டாம். வயிற்றின் வரித்தழும்புகள் சிவப்பிலிருந்து வெளிறும், ஆனால் எந்த எண்ணெயும் அவற்றை அழிக்காது. தொய்ந்த தோலும் முழுதாகப் பழையபடி வராமல் போகலாம், இதை இப்போதே சொல்லிவிடுவது நேர்மை.

வரம்பு படுத்த பிறகும் அடங்காமல் தொப்புளில் கட்டியாக நின்றால், அது நோகவும் சத்தி வரவும் தொடங்கினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குடலிறக்கமாக இருக்கலாம். மாதவிடாய் நாட்களில் வடுவில் மட்டும் ஒரு கட்டி வீங்கி நொந்தாலும், அடியில் ஏதோ இறங்குவது போலிருந்தாலும் கிளினிக்கில் காட்டுங்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் சிறுநீர் சொட்டினால் பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவில் சொல்லி இயன்மருத்துவத்துக்குத் துண்டு எழுதுவிக்கலாம், காசில்லை. வெட்கமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாடு, நித்திரை, பிள்ளை எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் அவவிடம் மறைக்க வேண்டாம், அல்லது 1926 இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல உதவி எண் அது.

பெரியம்மாவுக்கு, "இல்லை பெரியம்மா, பிள்ளை பெற்ற வயிறு, இன்னும் ஆறேல்லை" என்ற ஒரு வசனம் போதும்.

கலியாணத்துக்கு வயிறு தட்டையாக வற்றிவிடும் என்று வாக்குத் தர முடியாது. வரம்பு அடங்கி, சொட்டு நின்று, நிமிர்ந்து நிற்கத் தெரிந்த வயிறு கிடைக்கும் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். சேலைக்கு, மெல்லிய நாடா கோர்த்த பாவாடை வேண்டாம். அது தசைக்கு நடுவே வெட்டி மேலும் கீழும் இரண்டு மடிப்பாகக் காட்டும், வடுவையும் உரசும். இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்து, தொப்புள் மட்டத்தில் கட்டுங்கள். கொசுவத்தை நேர்நடுவில் குவிக்காமல் சற்று இடப்பக்கமாகச் செருகினால் நடுவில் பருமன் சேராது. விறைத்த புதுப் பட்டுச் சேலையைவிட ஒருமுறை உடுத்து இளகிய சேலை உடம்போடு படியும். சட்டையைப் பழைய அளவுச் சட்டை கொடுத்துத் தைப்பிக்க வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் மார்பளவு மாறிக்கொண்டிருக்கும், கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் புதிதாக அளக்கச் சொல்லி, முன்கொக்கியும் பக்கத்துக்கு ஒரு அங்குல மிச்சத் துணியும் வைப்பியுங்கள்.